ஐந்து திரைகளும் ஒரு விசையும்

கடற்கரைப் பங்குகளிலே பங்குப் பேரவை கூடினால் முன்னாட்களில் பேசப்பெற்ற காரியங்கள் பெரும்பாலும் மூன்று: கோவிற் கூரை, திருவிழாத் தலைக்கட்டு வரி, கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர். அண்மைக் காலத்தில் நான்காவது ஒன்றும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. அதுதான் இளைஞர் இல்லத்துத் தொலைக்காட்சி. வேம்பாறு தொடங்கித் தெற்கே உவரி வரை, எந்த ஊரிலே குருக்கள் நால்வர் கூடி உணவருந்தினாலும் இப்பேச்சு எழாமற் போவதில்லை.

காரணம் எளியது. ஒரு பெட்டி இருந்த இடத்தில் இன்று ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறையில் ஊர் திரும்புகிறான். தந்தையின் நினைவாகக் கோவிலுக்கு ஏதேனும் செய்ய விழைகிறான். மின்விசிறி வாங்கிக் கொடுத்து அதன் இறக்கையிலே உபயகாரர் பெயரை எழுதிவைத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது தட்டைத் திரைத் தொலைக்காட்சி வந்து இறங்குகிறது. அடுத்த ஆண்டு இன்னொருவர் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியைக் கொடுக்கிறார். நமது பங்கின் இளைஞர் இல்லத்தில் இவ்வாறு சேர்ந்தவை பெரிய கூடத்தில் இரண்டு, மறைக்கல்வி வகுப்பறையில் ஒன்று, பெண்பிள்ளைகள் படிக்கும் அறையில் ஒன்று, கடலை நோக்கிய தாழ்வாரத்தில் ஒன்று. பெட்டிக்கு ஒரு ரிமோட் என்ற கணக்கில் ஐந்து ரிமோட்டுகள் இருந்திருக்க வேண்டும், இருந்தவையோ மூன்று.

கூடத்தின் ஒரு சுவரில் கிரிக்கெட், எதிர்ச்சுவரில் செய்தி, அடுத்த அறையில் நெடுந்தொடர் என்று மூன்று ஒலிகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்க, நடுவிலே ஒருவன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் காட்சியை வாசக அன்பர்கள் தத்தம் பங்குகளிலும் கண்டிருக்கலாம். ஆகவே எல்லாத் திரைகளையும் ஓரிடத்திலிருந்து இயக்க வழியுண்டா என்னும் வினா எழுந்தது. வழி உண்டு, அதிகச் செலவும் இல்லை. ஆயின், அவ்வழியைத் தேடப் புகுந்தபோது வேறொரு வினா அதன் பின்னாலிருந்து தலைநீட்டியது. அந்த ஓரிடத்திலே யார் அமர்வது? முதல் வினாவுக்கு மின்பொருட் கடைக்காரர் விடை சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு அவரால் சொல்ல இயலாது.

மணியும் கூண்டும்

ஓரிடத்தில் எழும் ஒரு குறிப்புக்குப் பல இடங்கள் ஒருங்கே செவிசாய்ப்பது இக்கரைக்குப் புதிதன்று. 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், ஊர் ஊராகச் சென்று சிறுவரைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடமாய்ச் சொல்லிக்கொடுத்தார்; ஊர்தோறும் அவற்றின் படி ஒன்றையும், அதனைச் சொல்லிக்கொடுக்க ஆள் ஒருவரையும் விட்டுச் சென்றார். ஒரே செபம் பல ஊர்களில் ஒரே வாய்பாட்டில் ஒலித்தது. ஆயினும் அவ்வவ்வூரில் அதை ஒலிக்கச் செய்தவர் அவ்வவ்வூர்க் கணக்கப்பிள்ளையே என்பதை மறக்கலாகாது. இதனை இங்கே சொல்லி வைக்கிறோம், பின்னர்த் தேவைப்படும்.

முத்துச் சலாபத்திலும் அவ்வாறே. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், அரிப்பு என்னும் இடத்தில் நடந்த சலாபங்களில் இரவிலே ஒரு பீரங்கி முழங்கினால் தோணிகள் அனைத்தும் புறப்படும். நண்பகலில் மீண்டும் முழங்கினால் குளிப்பு நின்று தோணிகள் கரை திரும்பும். நம் தூத்துக்குடிப் பக்கத்தில் முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டு இன்றும் நிற்கிறது. வானிலை நிலையத்தின் ஆணை வந்ததும் பகலில் கூம்பும் உருளையும், இரவில் செவ்விளக்கும் வெள்விளக்கும் ஏறுகின்றன. ஒரு ஆணைக்குப் பல துறைமுகங்களிலே கூண்டு ஏறுகிறது. இதைவிடச் சிறந்த ‘மத்தியக் கட்டுப்பாட்டுத் திரை’ எதுவென்று நமக்குத் தெரியவில்லை. 1 முதல் 11 வரை எண்களே அதன் மொழி. மீனவச் சிறுவனும் அம்மொழியை அறிவான்.

தொலைக்காட்சிக்குத் திருச்சபை தந்த பாதுகாவலரும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். 1252-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், நோயுற்றுத் தன் மடத்து அறையில் படுத்திருந்த அசிசி நகர்ப் புனித கிளாரம்மாள், தொலைவிலுள்ள கோவிலில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது வரலாறு. இதனைக் கருதியே திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். கிளாரம்மாள் நோயுற்றிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுந்து நடக்க வல்ல ஆண்மக்கள் கோவில் தாழ்வாரத்தில் திரை இருக்கிறதென்று உள்ளே வராமல் வெளியிலேயே கைகட்டி நின்று திருப்பலி ‘காண்பதற்கு’ அவ்வம்மையார் பொறுப்பல்லர். திருவிழா நாட்களில் வெளித்திரை வைப்பதிலே இந்த ஓர் இடர் உண்டென்று குருக்கள் பலரும் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டதுண்டு.

நம் நாட்டில் தொலைக்காட்சி பிறந்தபோதே அது வீட்டுப் பொருளாக அன்று, கூட்டுப் பொருளாகவே எண்ணப்பெற்றது. 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் ஒளிபரப்புத் தொடங்கியது. யுனெஸ்கோ உதவியோடு அந்நகரில் ‘டெலி கிளப்’ என்னும் பார்வையாளர் குழுக்கள் அமைக்கப்பெற்றன. மக்கள் ஒரு பெட்டியின் முன் கூடுவர், நிகழ்ச்சியைக் காண்பர், முடிந்தபின் அதைப் பற்றிப் பேசுவர். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. ஊருக்கு ஒரு பெட்டி; கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலைக்கம்பியால் ஆன அலைவாங்கி. அவ்வாறு மாநிலங்களில் தமிழகம் இல்லை. சென்னையில் ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிற்றெனினும், அதன் அலை நம் கரையை எட்டவில்லை. எட்டியது இலங்கை அலைதான். 1982 பிப்ரவரி 15-இல் ரூபவாகினி தொடங்கியபின், நம் கடற்கரை ஊர்களில் பாய்மரம் போன்ற நெடிய கம்பங்களில் ஆண்டெனாக்கள் கிழக்கு நோக்கி எழுந்தன. மொழி விளங்காவிடினும் மக்கள் பார்த்தனர். பெட்டியுள்ள வீட்டின் முற்றமே ஊர்க் கூடமாயிற்று.

2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பெட்டியில்லாத வீடு அரிதாயிற்று, முற்றங்கள் வெறுமையாயின. இன்று வீட்டுப் பெட்டியையும் இளைஞர் பார்ப்பதில்லை. உள்ளங்கையிலே ஆளுக்கொரு திரை. அத்திரையில் மறையுரையும் உண்டு, இணையவழி ரம்மியும் உண்டு. கடலுக்குப் போய்வந்த பங்குப் பணத்தை ஒரே இரவில் அதில் தொலைத்தவர்களின் தாய்மார் நம் அறைக்கு வந்து அழுததை நாம் அறிவோம். ஆதலின், “வீட்டிலும் பெட்டி, கையிலும் பெட்டி, இளைஞர் இல்லத்துக்கு எதற்குச் சுவாமி?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு நாம் தரும் விடை இதுவே: ஒன்றாக அமர்ந்து ஒன்றையே பார்த்து, பார்த்ததைப் பற்றி ஒருவரோடொருவர் பேசும் இடம் ஊரில் வேறெங்கும் இல்லாமற் போயிற்று. அதற்காகவே வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பும், 1971-ஆம் ஆண்டின் மேய்ப்புப்பணி ஏடும், பார்ப்பவர் தேர்ந்து பார்க்கும் கடமையுடையவர் என்றும், இளைஞருக்கு அதிலே பயிற்சி வேண்டுமென்றும் அறிவுறுத்துகின்றன. தேர்வு என்பது ஒருவன் தனியே விரலால் தள்ளிக்கொண்டே போவதில் வராது.

கம்பியின் வழி

இனி, செய்முறைக்கு வருவோம். இதனைச் சற்று விரித்துச் சொல்வதற்குப் பங்குகளின் பணம் வீணாகலாகாது என்பதே காரணம்.

பல திரைகளில் ஒரே காட்சியைக் காட்டுவது வேறு. பல திரைகளையும் ஓரிடத்திலிருந்து இயக்குவது வேறு. முன்னதற்குப் பழைய வழி கேபிள்காரர் வழி. செட்-டாப் பாக்சிலிருந்தோ கேமராவிலிருந்தோ வரும் காட்சியை ‘மாடுலேட்டர்’ என்னும் கருவி ஒரு அலைவரிசையாக மாற்றித் தருகிறது. அது தடித்த கேபிள் கம்பியில் ஓடுகிறது. பிரிப்பான் வைத்து எத்தனை பெட்டிகளுக்கும் கிளை இழுக்கலாம். படத்தின் தெளிவு குறைவு. ஆனால் தொலைவு ஒரு பொருட்டன்று. ஊர்க் கேபிள்காரரே பழுதும் பார்த்துவிடுவார்.

இக்கால வழி எச்.டி.எம்.ஐ. கம்பி. ஒன்றைப் பலவாக்கும் ஸ்ப்ளிட்டர் சிறு விலைக்கே கிடைக்கிறது. இதிலே கருதத்தக்கது கம்பியின் நீளம். பத்து மீட்டருக்கு மேல் போகப்போக அக்கம்பி நம்பத்தக்கதன்று. படம் விட்டுவிட்டு மின்னும், சில வேளை அறவே மறையும். நெடுந்தொலைவுக்குக் கணினி வலையமைப்புக்கு இடும் ‘கேட்-6’ கம்பியை இழுத்து, இரு நுனிகளிலும் அதற்குரிய நீட்டிப்புக் கருவியைப் பொருத்துவதே தக்கது. ஐம்பது மீட்டர் தாராளமாகப் போகும். கட்டடம் எழுப்பும்போதே சுவருக்குள் குழாய் பதித்துக் கம்பி இழுத்துவிட்டால் பின்னர்ச் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு அறைக்கும் வெவ்வேறு காட்சி வேண்டுமாயின் ‘மேட்ரிக்ஸ்’ என்னும் மாற்றுப்பெட்டி உண்டு. நான்கு காட்சிகள் உள்ளே வரும். நான்கு திரைகளுக்கு வெளியே போகும். எது எங்கே போவதென்று அதன் முகப்பிலுள்ள பொத்தான்கள் தீர்மானிக்கும். கூடத்தில் திருவிழாக் கொடியேற்றம், வகுப்பறையில் பாடம், தாழ்வாரத்தில் கடல்நிலை என்று ஒரே நேரத்தில் பிரித்து விடலாம். நமது தேவைக்கு இதுவே பொருத்தமென்பது நம் கருத்து. திரை ஒவ்வொன்றின் பின்னும் சிறு கணினிப் பெட்டி வைத்து, அலுவலகக் கணினியிலிருந்து வலையமைப்பு வழியே ஆணையிடும் முறையும் உண்டு. பேருந்து நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் காண்பது அதுவே. ஆனால் அதைப் பேண ஊரிலே தெரிந்த பிள்ளை ஒருவன் நிலையாக இருத்தல் வேண்டும். அவன் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விட்டால் ஐந்து திரையும் கறுத்துப்போம்.

அடுத்து, இயக்குவது. ரிமோட் என்பது கண்ணுக்குப் புலப்படாத செவ்வொளியைச் சிமிட்டி ஆணையிடுவது. ஒரே நிறுவனத்துப் பெட்டிகள் இரண்டு ஒரே கூடத்தில் இருந்தால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் கீழ்ப்படியும். சிலருக்கு அது தொல்லை. அறிந்து பயன்படுத்தினால் அதுவே வசதி. சுவருக்கு அப்பாலுள்ள பெட்டிகளுக்கு அச்சிமிட்டலைக் கம்பி வழியே கொண்டு சென்று பெட்டியின் முகத்திலே ஒட்டும் சிறு விளக்கால் காட்டும் கருவி உண்டு. எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகவே பெட்டியை எழுப்பவும் உறங்க வைக்கவும் ஒரு முறை உண்டென்று விற்பனையாளர் சொல்வர். வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் கலந்திருக்கும் இடத்தில் அதை நம்புவதற்கில்லை. ஸ்ப்ளிட்டர்கள் பலவும் அவ்வாணையை ஒரு கிளைக்கு மட்டுமே விடுகின்றன. கடை, விமான நிலையம் முதலியவற்றிற்கென்றே செய்யப்படும் திரைகளில் கம்பி வழி ஆணையிடும் துளை தனியே இருக்கும். அவை விலை மிகுந்தவை. வீட்டுப் பெட்டிகளிலும் பலவற்றில் ‘ஹோட்டல் மோட்’ என்றொரு மறைவான ஏற்பாடு இருப்பதை அநேகர் அறியார். அதைத் திறந்தால், ஒலி இவ்வளவுக்கு மேல் போகாதென்று எல்லை கட்டலாம். பெட்டியின் பொத்தான்களைப் பூட்டலாம். மின்சாரம் வந்ததும் எந்தத் துளையின் காட்சியோடு விழிக்க வேண்டுமென்றும் நிலைப்படுத்தலாம். இவ்வேற்பாட்டோடு, ஐந்து திரைகளுக்கும் உரிய மின்சாரத்தை ஒரு மெயின் சுவிட்சின் கீழ்க் கொணர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒலியைப் பற்றி ஒரு சொல். ஐந்து பெட்டிகளும் தத்தம் வாயாற் பேசலாகாது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் தொலைவில் இன்னொரு பெட்டி பேசினால் அதன் ஒலி விநாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தி வந்து சேரும். அதுவே சொற்களைக் குழப்பப் போதும். அன்றியும், பெட்டிக்குப் பெட்டி படத்தைப் பதப்படுத்தும் நேரம் வேறு. ஆகையால் பெட்டிகளை ஊமையாக்கிவிட்டு, ஒரு ஆம்ப்ளிபையரிலிருந்து அறைக்கு ஒரு ஒலிபெருக்கி வைப்பதே முறை.

கடலோரத்திலே மின்பொருளுக்கு மூன்று பகைவர்கள்: உப்புக் காற்று, இடி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு. செப்பு முனைகள் சில மாதங்களிலேயே பச்சை பூக்கின்றன. முனைகளைத் துடைத்துக் காப்பு மசகு இடுதல், பயன்படுத்தாத பெட்டியையும் வாரம் இருமுறை ஒரு மணி நேரம் எரியவிட்டு ஈரம் போக்குதல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்னல் வெட்டும்போது ஆண்டெனாக் கம்பியைக் கழற்றி வைத்தல் ஆகியவை செலவில்லாத காரியங்கள். எர்த் கம்பி சரியாக இல்லாத கட்டடத்தில் ஐந்து திரை மாட்டுவதென்பது மணலிலே வீடு கட்டுவதே ஆகும். பழுதாகி வந்த பெட்டிகளைப் பார்த்த மின்பணியாளர் ஒருவர், தம்மிடம் வருபவற்றில் பெரும்பாலானவை எர்த் இல்லாத இடங்களிலிருந்து வருகின்றனவென்று நம்மிடம் சொன்னார்.

திரைப்படம் காட்டுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நலம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வீட்டில் பார்ப்பதற்கென்று வாங்கிய படத்தைப் பொதுக்கூடத்தில் காட்ட உரிமையாளரின் இசைவு வேண்டும். கட்டணம் வாங்கவில்லை என்பது மட்டுமே அதற்கு விடையாகாது.

விசை யார் கையில்?

கருவி அமைந்துவிட்டது என்று கொள்வோம். அலுவலக அறையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் மாற்றுப்பெட்டி, ஆம்ப்ளிபையர், மெயின் சுவிட்சு. அதன் திறவுகோல் யாரிடம்?

“பங்குச் சாமியாரிடம் இருக்கட்டும்” என்பர் பெரியவர்கள். சொல்வதற்கு எளிது. பங்குச் சாமியாருக்கு அவஸ்தைப் பூசுதலுக்கு அழைப்பு வரும். கிளைக்கிராமத்திலே திருப்பலி இருக்கும். ஆயர் இல்லத்திலே கூட்டம் இருக்கும். அவர் இல்லாதபோது திரைகள் எல்லாம் குருடாகிக் கிடக்கும். அவர் இருக்கும்போதோ, இளைஞர் பார்ப்பதையெல்லாம் அவரே தெரிவு செய்தவராவார். தேர்ந்து பார்க்கக் கற்பதற்கென்று ஓர் இல்லத்தைக் கட்டி, தேர்வை மட்டும் நாமே வைத்துக்கொள்வது பொருந்துமா? “ஊர்க் கமிட்டியிடம் கொடுங்கள்” என்பர் வேறு சிலர். அவ்வாறு கொடுத்த ஓர் ஊரிலே, தேர்தல் காலத்தில் எந்தச் செய்தி அலைவரிசை ஓடுவதென்பதே சண்டையாகி, ஒரு கட்சியார் இல்லத்துக்கே வராமற் போயினர்.

இவ்விடத்தில், குருமடத்திலே சமூகப் போதனை வகுப்பில் படித்த ஒன்று நமக்குத் துணை நின்றது. திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1931-இல் வெளியிட்ட சுற்றுமடலில் ஒரு நியதியை நிலைநாட்டினார். சிறிய குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய குழு பறித்துக்கொள்வது அநீதி. சிறியதால் இயலாதபோது பெரியது துணைக்கு வருவதே முறை என்பது அதன் சாரம். அரசையும் தொழிற்சங்கத்தையும் மனத்திற்கொண்டு எழுதப்பெற்ற நியதி அது. ஐந்து தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் அது பொருந்துமென்று நாம் துணிந்து சொல்வோம். அறைக்குள் எதைப் பார்ப்பது என்பதை அறையில் இருப்போர் முடிவு செய்யலாம். அது அவர்களால் இயலும். கூடத்தின் ஒலியால் வகுப்பறை கெடுமாயின் அதைத் தீர்ப்பது கூடத்தால் இயலாது. புயல் வருகிறதென்று எல்லா அறைக்கும் ஒருங்கே சொல்வதும் எந்த ஓர் அறையாலும் இயலாது. இரவு ஒன்பது மணிக்கு அனைத்தையும் அணைத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது இயலுமெனினும் செய்யமாட்டார்கள்! எனவே நடுவிசைக்கு உரியவை இம்மூன்றே: ஒலிக்கு எல்லை, எச்சரிக்கை, இரவு அடைப்பு. இவற்றோடு திருவிழா, மறைமாவட்டப் பொது நிகழ்ச்சி போன்ற அருமையான நாட்களில் எல்லாத் திரைக்கும் ஒரே காட்சி. மற்றவை எல்லாம் அந்தந்த அறையின் ரிமோட்டுக்கே. சவேரியார் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளையை விட்டுச் சென்றதை மேலே சொன்னோம் அல்லவா?

அறைக்குள்ளே ரிமோட் யார் கையில் என்பதும் சிறிய காரியமன்று. கடற்கரை ஊர்களிலே அது எப்போதும் ஆண்பிள்ளைகள் கையிலேயே இருந்துவந்தது. பெண்பிள்ளைகள் சுவரோரம் நின்று, அவர்கள் வைத்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வீடு திரும்பினர். பின்னர் வராமலே இருந்தனர். “இளைஞர் இல்லம்” என்ற பெயர்ப்பலகையின் கீழே பாதி இளைஞர் இல்லை. பெண்பிள்ளைகளுக்கென்று படிப்பறையும் அதில் ஒரு திரையும் வந்தபின்புதான் அவர்கள் மீண்டும் படியேறினர். அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்குரிய பாடங்களை மாலைதோறும் அதிலே பார்த்து எழுதிக்கொள்கின்றனர். ஒரு மாலை, உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்க்கக் கூடத்தில் இடம் போதாதென்று அத்திரையையும் கிரிக்கெட்டுக்கு மாற்றும்படி இளைஞர் சிலர் அலுவலகத்துக்கு வந்து கேட்டனர். நடுவிசையால் ஒரு பொத்தானில் அது ஆகிவிடும். அதுவே அதன் ஆபத்தும். “அவ்வறையிலே போய்க் கேளுங்கள்” என்றோம். போய்க் கேட்டார்கள், மறுக்கப்பெற்றார்கள், கூடத்திலேயே நெருக்கி உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டமும் நன்றாகவே இருந்தது.

மரப்பெட்டிக்கு இரண்டு திறவுகோல்கள் செய்யப்பெற்றன. ஒன்று இளைஞர் சங்கச் செயலரிடம். மற்றொன்று கன்னியர் மடத்து அருட்சகோதரியிடம். வாரம் ஒருவர், ஆண் ஒரு வாரம், பெண் ஒரு வாரம், நடுவிசைப் பொறுப்பை ஏற்பர். எல்லாத் திரைகளையும் ஒருங்கே மாற்றினால் நேரத்தையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். குறிப்பேடு கூட்டத்தில் வாசிக்கப்படும். எழுதக் கூச்சமாயிருக்கும் காரணத்துக்கு எவரும் பொத்தானை அழுத்துவதில்லை என்பதை நாம் கண்டோம். மரப்பெட்டியின் முகத்திலே கண்ணாடி வைக்கப்பெற்றுள்ளது. அவசரத்துக்கு உடைக்கலாம் என்பதே அதன் பொருள்.

இக்கண்ணாடிக்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில், புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்த அவ்வூர் மகன் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து வீட்டாரை எச்சரித்தார். ஊரிலே, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது; கடல்நிலையை அறிவிக்க அதில் ஒலிபெருக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டிக் கிடந்தது. ஊரார் கதவை உடைத்து உள்ளே புகுந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு அகன்றனர், உயிர்கள் தப்பின. பூட்டு நல்லதே, உடைபடக் கூடிய பூட்டே மேலும் நல்லது.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் நமக்கு வேறொன்றைக் காட்டியது. அதிலே மாண்டவர் பலரும் எச்சரிக்கை வெளியாகு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள். கரையில் எத்தனை திரை இருந்தும் கடலில் இருப்பவன் காணான். அக்குறையைப் படகிலுள்ள தொலைத்தொடர்புக் கருவிகள்தாம் தீர்க்க வேண்டும். இளைஞர் இல்லம் தீர்க்காது. கரையிலிருந்து இறங்கப்போகிறவனை நிறுத்தவோ, எண்ணிப் பார்க்க வைக்கவோ மட்டுமே நம் திரைக்கு இயலும். அந்த அளவுக்கேனும் அது செய்ய வேண்டுமல்லவா?

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், 1999-ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்துவருகிறது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம் ஆகியவற்றை நாள்தோறும் கணித்து அறிவிக்கிறது. மீன்பிடித் துறைகள் பலவற்றில் மின்னணுப் பலகைகளை நாட்டி, ஐதராபாத்திலிருந்தே அவற்றில் செய்தியை எழுதியும் வந்துள்ளது. பெரிய துறைமுகங்களுக்கு அது போதும். நாட்டுப்படகும் வல்லமும் இறங்கும் சிற்றூர்க் கரைகளில் பலகை இல்லை. இளைஞர் இல்லத்துத் தாழ்வாரம் இருக்கிறது. அம்மையத்தின் வலைத்தளத்திலும் வானிலைத் துறையின் வலைத்தளத்திலும் தமிழ்ப் பகுதிக்குரிய அறிவிப்பை எடுத்து, பெரிய எழுத்தில் தாழ்வாரத் திரையில் இடுவதற்கு ஒரு கணினியும் ஒரு பிள்ளையும் போதும்.

இதிலேதான் நமது ஊரில் சிறிது விவாதம் எழுந்தது. படகுகள் இறங்குவது பின்னிரவில். இல்லமோ ஒன்பது மணிக்கே அடைக்கப்படுகிறது. யார் எழுந்து வந்து திரையை ஏற்றுவது? இளைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். கோவில் மணியடிக்கும் உபதேசியார், தாம் எப்படியும் விழித்திருப்பவர் என்றும், பொத்தானைக் காட்டிக்கொடுத்தால் தாமே அழுத்திவிடுவதாகவும் சொன்னார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்பு, இளைஞர் ஒருவர் எழுந்து, கடிகார விசை ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்றார். இரவு ஒன்பதரைக்குள் அன்றைய பொறுப்பாளர் அறிவிப்பை ஏற்றி வைப்பார். இரண்டரை மணிக்குத் தாழ்வாரத் திரை மட்டும் தானே விழிக்கும். ஆறு மணிக்கு உறங்கும். உபதேசியார் கடற்கரைக்குப் போகும் வழியில் அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு மணிக்கூண்டுக்கு வருவார். இரவுக்குள் அறிவிப்பு மாறினால் அவருக்குத் தொலைபேசி போகும். கண்ணாடிப் பெட்டியின் இரண்டாம் திறவுகோல் மடத்திலே கிடைக்கும்.

சனிக்கிழமை இரவு மட்டும் அத்திரைக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம். ஞாயிறன்று நம் கரையில் படகு இறங்குவதில்லை.